கையில் ஒட்டாத பதம்

முழு டப்பாவையும் கொட்டணும் சித்தி, அடியில மிச்சம் வைக்கக் கூடாது என்கிறாள் தாரிகா. ஆறு வயதுக்காரிக்கு இந்த அதிகாரம் எங்கிருந்து வந்தது என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை, அவள் அம்மா, என் அக்கா சாருமதி, இப்படித்தான் இடுப்பில் கை வைத்து ஒரு காலை மட்டும் முன்னால் நீட்டி நின்றுகொண்டு எனக்குப் புடவை கட்டச் சொல்லிக்கொடுத்தாள், கொசுவத்தைச் சின்னதாப் பிடிடி, சின்னதா, உன் கை என்ன முறமா என்று. டப்பாவைக் கவிழ்த்து அமுக்குகிறேன். வெள்ளைப் பசை அவசரமே இல்லாமல் இறங்கி, கிண்ணத்தின் நடுவில் மடிந்து மடிந்து விழுந்து, விழுந்த மடிப்பெல்லாம் கொஞ்ச நேரத்தில் தெரியாமல் போய்ச் சமமாகிவிடுகிறது. அவள் தம்பி முகிலுக்கு நாலு வயது, சமையல் மேடை எட்டாததால் ஸ்டூலில் முழங்கால் போட்டு நிற்கிறான், பாயசமா என்று கேட்கிறான். ஸ்லைம்டா, வாயில வச்சா வயித்துக்குள்ள ஒட்டிக்கும், அப்புறம் சாப்பிடவே முடியாது என்று அக்காக்காரி மிரட்டுகிறாள். அவன் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொள்கிறான். பாயசம் என்று அவனுக்குத் தோன்றியதில் ஆச்சரியமில்லை, நேற்று இதே மேடையில்தான் அண்டா நிறையப் பாயசம் இருந்தது, அக்காவுக்குத் தலைத் திவசம், படையல் போட்டு, காக்காய்க்கு வைத்து, வந்தவர்களுக்கெல்லாம் இலை போட்டு, வடை சுட்ட எண்ணெயின் வாடை இன்னும் இந்தச் சமையலறையை விட்டுப் போகவில்லை. இன்றைக்கு எல்லோரும் ஹாலில் உட்கார்ந்திருக்கிறார்கள். என் அப்பா, அம்மா, லால்குடியிலிருந்து வந்த பெரியப்பா, அக்காவின் மாமியார், அவரை நானும் அத்தை என்றுதான் கூப்பிடுவேன், அப்புறம் அக்காவின் கணவர் குமரேசன் மாமா. பிள்ளைங்களை உள்ள கூட்டிட்டுப் போய் ஏதாவது விளையாட்டுக் காட்டு சங்கவி, பெரியவங்க கொஞ்சம் பேசணும் என்றாள் அம்மா. எனக்கு இருபத்தெட்டு வயது. பேச்சு என்னைப் பற்றித்தான். ஆனால் பெரியவர்களில் நான் சேர்த்தியில்லை. யாரோ கதவை இழுத்துச் சாத்தினார்கள், அந்தக் கதவு சாத்தியபடி நிற்காது, தானாக ஒரு கை அகலம் திறந்துகொள்ளும், அது அவர்களுக்கும் தெரியும்.

என்னை மாமாவுக்கே கட்டி வைத்துவிடலாம் என்று பேசுகிறார்கள். நேற்று மத்தியானம் பின்பக்கம் அண்டாவைத் தேய்த்துக்கொண்டே அம்மா கேட்டாள், ஓசூர்ல யாரையாவது மனசுல வச்சிருக்கியா என்று. இல்லம்மா என்றேன். நிஜமாகவே இல்லை. அம்மா கம்பி நாரை நிறுத்தாமல், அப்புறம் என்ன என்றாள். அதோடு சரி, வேறொன்றும் கேட்கவில்லை, அண்டாவைக் கவிழ்த்துவிட்டு அடுத்த பாத்திரத்தை எடுத்துக்கொண்டாள். அப்புறம் என்ன. நேற்றிலிருந்து இந்த இரண்டு சொல்லையும் வைத்துக்கொண்டு சுற்றிக்கொண்டிருக்கிறேன். ஒருத்தன் இருந்திருந்தால் சத்தம் போட்டிருப்பார்கள், அழுதிருப்பார்கள், அப்பா சாப்பிடாமல் கிடந்திருப்பார், ஆனால் எதிர்த்து நிற்க ஒரு பெயர் இருந்திருக்கும், அவன் என்ன ஆளுங்க, என்ன சம்பளம் என்று கேட்டுச் சண்டை போட ஒரு முகம் இருந்திருக்கும். வெறுமனே எனக்கு இஷ்டமில்லை என்பது எங்கள் வீட்டில் யாருக்கும் ஒரு காரணமாக இருந்ததே இல்லை. கத்தரிக்காய் வேண்டாம் என்றால்கூட ஏன், அரிக்குதா என்று கேட்பார்கள், அரிக்கிறது என்றால்தான் விடுவார்கள். எனக்கு எங்கே அரிக்கிறது என்று காட்டத் தெரியவில்லை. ஓசூரில் ஒரு விதைப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. ஈரக் காகிதத்தில் விதைகளை வரிசையாக வைத்துச் சுருட்டி, சில நாள் கழித்துப் பிரித்து, முளைத்ததையும் முளைக்காததையும் எண்ணி எழுத வேண்டும். மாடியில் ஒரு அறை, என்னோடு இரண்டு பெண்கள், ஞாயிற்றுக்கிழமை அவர்கள் சர்ச்சுக்கும் சினிமாவுக்கும் போய்விடுவார்கள், நான் தலைக்குக் குளித்துவிட்டு மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் முடியை உலர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். யாரும் கூப்பிட மாட்டார்கள். யாருக்கும் எதுவும் எடுத்துத் தர வேண்டியதில்லை. தூரத்தில் ஒரு பாறைக்குன்று தெரியும், அதையும் ரசிப்பேன் என்று சொல்ல முடியாது, அது பாட்டுக்கு இருக்கும், நான் பாட்டுக்கு இருப்பேன். இதைத்தான் நான் விட மாட்டேன் என்று ஹாலில் போய்ச் சொல்ல வேண்டும். மொட்டை மாடியில தலை காயப் போடுறதுக்காக ரெண்டு பிள்ளைங்களை வேண்டாம்னுட்டா என்று ஊர் சொல்லும். ஊர் என்ன, எனக்கே உள்ளுக்குள் சொல்லிப் பார்க்கும்போது அப்படித்தான் கேட்கிறது, என்னிடம் இருப்பதை வாய்விட்டுச் சொன்னால் ஒரு பிடிகூடத் தேறாது.

ஆப்ப சோடா போடணும் சித்தி, நீ சும்மா நிக்கிற என்கிறாள் தாரிகா. எந்த டப்பா என்று அவளே காட்டுகிறாள். ஒரு சிட்டிகை போட்டுக் கிளறுகிறேன். கலர் வேண்டும் என்று முகில் அடம் பிடிக்க, கேசரிப் பவுடர் கொஞ்சம் தூவுகிறேன், வெள்ளைக்குள் ஒரு ஆரஞ்சுக் கோடு ஓடிச் சுழித்துப் பரவுகிறது. இப்ப அம்மாவோட கண் தண்ணி என்று சொல்லிவிட்டுத் தாரிகா ஓடுகிறாள். எனக்கு முதலில் விளங்கவில்லை. குளியலறையில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறும் சத்தம், போய்த் தூக்குவதற்குள் அவளே குதித்து வந்து என் கையில் வைக்கிறாள், கான்டாக்ட் லென்ஸ் கழுவுகிற திரவம், பாதிக்குமேல் இருக்கிறது. அதை ஊற்றினால்தான் பசை இறுகி ஸ்லைம் ஆகுமாம், அம்மா அதுலதான் பண்ணிக்கொடுக்கும், ஆனா தீர்ந்துடும்னு ரொம்ப நாள் பண்ணாது, லீவு விட்டாத்தான் பண்ணும் என்கிறாள். இந்த வீட்டிலிருந்து அக்காவின் புடவைகளைப் பிரித்துக் கொடுத்தாயிற்று, செருப்பை ஆற்றில் விட்டாயிற்று, மாத்திரைகளைக் கொட்டியாயிற்று, இதை மட்டும் யாரும் பார்க்கவில்லை. அல்லது மாமா பார்த்துவிட்டு விட்டுவிட்டார். அக்காவுக்குப் பத்தாவதிலிருந்தே தடித்த கண்ணாடி. பெண் பார்க்க வந்தபோது கண்ணாடியோடு உட்கார வைக்கக் கூடாது என்று அவசர அவசரமாகத் தில்லைநகரில் போய் லென்ஸ் வாங்கி மாட்டிவிட்டார்கள், அது பழகாமல் கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டு நிற்க, பொண்ணு வெட்கத்துல அழுவுது பாருங்க என்று வந்தவர்கள் சிரித்தார்கள். அன்றைக்கு அவளிடம் யாராவது கேட்டார்களா, மனசுல யாராவது இருக்காங்களா என்று. இருந்திருக்காது. இருந்தால் என்னிடம் சொல்லியிருப்பாள். சொல்லியிருப்பாளா. ராத்திரியில் லென்ஸைக் கழற்றிவிட்டுச் சுவரைத் தடவிக்கொண்டு வந்து என் பக்கத்தில் படுத்து, இப்ப நீ எனக்கு வெறும் கலராத்தான் தெரியுற, முகம் இல்ல என்பாள். நாங்கள் இரண்டு பேரும் அதற்குச் சிரிப்போம். எதற்குச் சிரித்தோம்.

பாட்டிலைச் சாய்க்கிறேன். சொட்டு சொட்டா சித்தி என்கிறாள் தாரிகா. கிளறக் கிளறக் கிண்ணத்தில் என்னவோ நடக்கிறது, திரள்வதுபோல் வந்து மறுபடி தளர்கிறது, கரண்டியைத் தூக்கினால் நூல் நூலாகத் தொங்குகிறது, சளி மாதிரி, ஜவ்வு மாதிரி. கரண்டி வேணாம், கை போடு, கையில ஒட்டாம வரணும், அதான் பதம் என்று அவள் சொல்ல, கையைப் போடுகிறேன். குளுகுளுவென்று விரல்களுக்கு நடுவே ஏறுகிறது. ஒட்டுகிறது. ஒரு கையிலிருந்து வழிக்கப் போனால் அந்தக் கையிலும் ஒட்டுகிறது, இப்போது இரண்டு கைகளும் மணிக்கட்டு வரைக்கும் ஆரஞ்சு நிறத்தில் இருக்கின்றன. முகில் விழுந்து விழுந்து சிரிக்கிறான். இந்த ஒரு வருஷத்தில் அவன் இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை என்று நினைக்கிறேன், நினைத்த உடனே அதை அழிக்கப் பார்க்கிறேன், இப்படி ஒவ்வொன்றாக நினைத்துத்தான் மாட்டிக்கொள்வேன், அவன் சிரித்தான், அவள் சாப்பிட்டாள், நான் இருந்தால் தூங்குகிறார்கள், நான் போனால் ஜன்னலோரம் நிற்கிறார்கள். அம்மா போனில் இதைத்தான் சொல்லுவாள், வேறெதுவும் சொல்ல மாட்டாள், கட்டிக்கோ என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. ஹாலிலிருந்து பெரியப்பாவின் குரல் வருகிறது, அவர் மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டுதான் பேசுவார். அந்தப் பொண்ணு தனக்குன்னு ஒரு புள்ள கேக்குமில்ல, அதையும் இப்பவே பேசிக்கிறது நல்லது என்கிறார். அத்தையின் குரல், ஏன், இந்த ரெண்டு போதாதா, அதுவும் ஒண்ணு வந்துட்டா இதுகளை யாரு பாப்பா என்கிறது. அம்மா ஏதாவது சொல்வாள் என்று காத்திருக்கிறேன். கை அப்படியே கிண்ணத்துக்குள் நிற்கிறது. அப்பாவின் இருமல் மட்டும் கேட்கிறது. என் வயிற்றை ஹாலில் நடுவில் வைத்து எல்லோரும் சுற்றி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், அது அங்கே அவர்களோடு இருக்கிறது, நான் இங்கே இருக்கிறேன். ஏன் நிறுத்திட்ட என்கிறாள் தாரிகா. இவள் காதிலும் விழுந்திருக்குமா. விழுந்தாலும் புரிந்திருக்காது. ஆறு வயதில் எனக்கு எல்லாம் புரிந்தது.

இது பதம் வந்ததும் கையைக் கழுவிக்கொண்டு நேராக ஹாலுக்குப் போய்ச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்கிறேன். என்ன சொல்வது. எனக்கு இஷ்டமில்லை. இல்லை, அது ரொம்ப வெட்டிப் பேசுவதுபோல் இருக்கிறது, மாமாவின் முகத்துக்கு நேரே அதைச் சொல்ல முடியாது, அவர் என்ன தப்பு செய்தார். எனக்குக் கொஞ்சம் டைம் குடுங்க. குடுப்பார்கள், அவர்களுக்கு அது சரி என்றுதான் கேட்கும். பிள்ளைங்களை நான் பாத்துக்குறேன், இங்கயே ஒரு வேலை தேடிக்கிட்டு வந்துடுறேன், கல்யாணம் மட்டும் வேண்டாம். அப்ப ஊரு என்ன பேசும், பொண்டாட்டி இல்லாத வீட்டுல வயசுப் பொண்ணு. எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தப் பக்கம் ஏற்கெனவே ஒருவர் பாய் போட்டு உட்கார்ந்திருக்கிறார். கதவு நகர்கிறது. மாமா. கையில் காலி செம்பு, தண்ணீர் எடுக்க வந்திருக்கிறார், ஹாலில் இருக்கும் கேனில் தண்ணீர் இருக்கிறது, அது எனக்கும் தெரியும். என் கைகளைப் பார்க்கிறார். அப்பா, ஸ்லைம் என்கிறான் முகில். நல்லாருக்கு என்கிறார் அவர். குழாயைத் திறந்து செம்பைப் பிடிக்கிறார். அது நிறைந்து வழிந்த பிறகும் பிடித்துக்கொண்டே நிற்கிறார்.

“சங்கவி, நீ முடியாதுன்னு சொன்னா நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்.”

“நீங்க சொல்லுங்களேன் மாமா.”

குழாயைப் பார்த்தபடியே தலையாட்டுகிறார், ஆமாம் என்றா இல்லை என்றா தெரியவில்லை. தாரிகா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்க்கிறாள். அவர் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார். “நான் சொன்னா எங்கம்மா வேற இடம் பாக்கும். மணப்பாறையில ஒரு பொண்ணைப் பாத்தே வச்சிருக்கு. எனக்கு யாரா இருந்தாலும் ஒண்ணுதான். இதுங்களுக்கு அப்படி இல்லையே.”

எனக்கு யாரா இருந்தாலும் ஒண்ணுதான். அவர் அதைக் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவருக்குள் எதுவுமே மிச்சமில்லை என்பதைத்தான் சொல்கிறார், அதனால் பயப்படாதே என்றுகூடச் சொல்ல வருகிறார் போலிருக்கிறது. செம்பை எடுத்துக்கொண்டு போய்விட்டார், தரையில் வழிநெடுகத் தண்ணீர் சொட்டியிருக்கிறது, கதவை இழுத்துச் சாத்துகிறார், அது திறந்துகொள்கிறது. நான் சொல்ல வேண்டும் என்று அவர் காத்திருக்கிறார், அவர் சொல்ல வேண்டும் என்று நான் காத்திருக்கிறேன், இரண்டு பேருக்கும் வேண்டாம், இரண்டு பேரும் அதைச் சொல்லிக்கொண்டும் விட்டோம், இருந்தாலும் இது நடக்கப் போகிறது, எப்படி என்றுதான் விளங்கவில்லை. அக்காவைக் காய்ச்சல் என்று சேர்த்தார்கள், கொசுக்கடி, ரத்தத்தில் என்னவோ குறைகிறது என்றார்கள், ரத்தம் கொடுக்க ஆட்களைத் திரட்டிக்கொண்டிருந்தோம், அதற்குள் வேறெங்கோ கசிகிறது என்றார்கள். அவள் போன அந்தச் சாயங்காலம் ஆஸ்பத்திரி வராந்தாவில் மாமா ஒரு பன்னைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தார். காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை, யாரோ வாங்கிக் கையில் கொடுத்திருந்தார்கள். தின்றுகொண்டே அழுதார், அழுதுகொண்டே மென்றார், விழுங்க முடியாமல் நிறுத்தி மறுபடி மென்றார், பசி. என்னைப் பார்த்ததும் மிச்சத்தைச் சட்டைப்பைக்குள் மறைத்தார். அதைப் பார்த்தபோது அவர்மேல் வந்த வெறுப்பும் பாவமும் இன்றைக்கும் பிரியாமல் அப்படியே கிடக்கின்றன. அவரோடு படுக்க வேண்டும். அந்தக் கட்டிலில், அக்கா சுவர்ப்பக்கம் படுத்த பள்ளம் இன்னும் இருக்கும் மெத்தையில். ஒவ்வொரு ராத்திரியும் அந்தச் சட்டைப்பை எனக்கு ஞாபகம் வரும், அவருக்கு என்ன ஞாபகம் வரும் என்று நான் கேட்கக் கூடாது. காலையில் எழுந்து ஹாலில் மாலை போட்ட அவள் படத்துக்கு விளக்கேற்ற வேண்டும். அம்மா நேற்று அவள் ரவிக்கைகளில் நாலைந்தை மட்டும் யாருக்கும் கொடுக்காமல் எடுத்து வைத்தாள், உனக்கு அளவு சரியா இருக்கும், பிரிக்கவே வேண்டாம் என்று. கூப்பிடும் முறையைக்கூட மாற்ற வேண்டாம், நான் அவரை மாமா என்கிறேன், கட்டிக்கொண்டாலும் மாமாதான். பிள்ளைகள் என்னைச் சித்தி என்கிறார்கள், அம்மாவின் தங்கையும் சித்தி, அப்பாவின் இரண்டாவது பெண்டாட்டியும் சித்தி. இன்றைக்கு ஆசையாகக் கூப்பிடும் இதே சொல், இவள் பெரியவளாகிக் கூடப் படிக்கிற பெண்ணிடம் என்னைக் காட்டி, அம்மா இல்ல, சித்தி என்று சொல்லும்போது வேறாக இருக்கும். எனக்கு முன்னாலேயே எல்லாச் சொல்லும் இந்த வீட்டுக்கு வந்து இடம் பிடித்து உட்கார்ந்திருக்கிறது. மணப்பாறைக்காரி வந்தால். அவள் நல்லவளாக இருக்கலாம். இருக்கலாம் என்று இரண்டு பிள்ளைகளை வைத்துப் பந்தயம் கட்ட முடியுமா என்று அம்மா போனில் கேட்கவில்லை, ஆனால் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறாள்.

இன்னும் ஒட்டுது என்கிறாள் தாரிகா, குரலில் சலிப்பு. முழங்கையால் பாட்டிலை நகர்த்தி, ஒட்டிய கையோடேயே தூக்கிச் சாய்க்கிறேன், அது வழுக்கி, மூடி திறந்த வாயோடு கிண்ணத்துக்குள் கவிழ்கிறது, நிமிர்த்துவதற்குள் எல்லாம் குளுக் குளுக்கென்று கொட்டிவிட்டது. தாரிகா கத்தவில்லை. பாட்டிலை எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்க்கிறாள், அடியில் ஒரு துளி ஓடுகிறது. தீந்துருச்சு என்கிறாள். வாங்கிக்கலாம்டா, கடையில இருக்கு என்கிறேன். அவள் மூடியைத் தேடி எடுத்துக் காலிப் பாட்டிலை மூடுகிறாள், இறுக்கி, இன்னும் இறுக்கி. கிண்ணத்தில் அது சட்டென்று முறுகிக்கொண்டு வருகிறது, பிசையப் பிசைய ரப்பராகிறது, என் கையில் ஏற்கெனவே ஒட்டியிருப்பது மட்டும் விடாமல் விரலிடுக்கில் காய்ந்து பிடித்துக்கொள்கிறது. ஒரு பிடி எடுத்து முகிலிடம் கொடுக்கிறேன். அவன் இழுக்கிறான். நீளாமல் பட்டென்று அறுந்துபோகிறது. அவன் இரண்டு கையிலும் இரண்டு துண்டை வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்க்கிறான், அழலாமா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. அம்மா பண்ணா நீளமா வரும், அந்தக் கதவு வரைக்கும் வரும் என்கிறாள் தாரிகா, குற்றமாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறாள். ஆமாம், வரும், அவளுக்குக் கைப்பக்குவம், எனக்கு வராது, என் கை முறம். இப்போது போக வேண்டும். இப்போதே, கை கழுவாமல்கூடப் போகலாம், போய் நின்றால் போதும், வாய் தானாகத் திறந்து எதையாவது சொல்லும். கால் நகர்கிறதா என்று பார்க்கிறேன். முகில் என் புடவையை, இல்லை, சுடிதாரின் நுனியைப் பிடித்துக்கொண்டிருக்கிறான், பிடித்த இடத்தில் ஆரஞ்சுத் துண்டு ஒட்டியிருக்கிறது. புடவை என்று எனக்கு ஏன் வந்தது.

கதவைத் திறந்துகொண்டு அம்மா வருகிறாள். முகமெல்லாம் வேர்த்திருக்கிறது, நேற்றிலிருந்து நின்ற கால், கெண்டைக்கால் இரண்டும் வீங்கியிருப்பது நடையில் தெரிகிறது. ஒரு பெண்ணைக் கொடுத்துவிட்டு, அடுத்த பெண்ணையும் கொடுக்க வந்து நிற்கிறாள், அவளுக்கு மட்டும் என்ன வழி இருக்கிறது. பிள்ளைகளைப் பார்க்கிறாள், கிண்ணத்தைப் பார்க்கிறாள், என் எதிரில் வந்து நிற்கிறாள். எல்லாரும் கேக்குறாங்கடி, நான் என்ன சொல்லட்டும் என்கிறாள். வாயைத் திறக்கிறேன். எனக்கு என்கிறேன். எனக்கு என்பது வந்துவிட்டது, அதற்கு அடுத்தது வர வேண்டும், அம்மா காத்திருக்கிறாள், நன்றாகக் காத்திருந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும், அவசரப்படுத்தவில்லை. கண்ணை மறைத்துக்கொண்டு நெற்றியில் ஒரு முடி விழுகிறது, இரண்டு கையும் இப்படி இருக்க அதைத் தள்ள முடியாமல் ஊதுகிறேன், போகவில்லை. அம்மா முந்தானையால் என் நெற்றியைத் துடைத்து, அந்த முடியை எடுத்துக் காதுக்குப் பின்னால் செருகுகிறாள். அவள் விரல் கன்னத்தில் பட்டதும் எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அதைப் பார்த்ததும் அவளுக்கும் வருகிறது. தெரியும்டி, உன் மனசு எனக்குத் தெரியாதா என்கிறாள். என் கன்னத்தை உள்ளங்கையால் ஒருமுறை அழுத்திவிட்டு வெளியே போகிறாள். இல்லம்மா என்று கூப்பிடுகிறேன். கூப்பிட்டேனா. உதடு அசைந்தது, முகில் என்னைப் பார்த்தான், அவ்வளவுதான் தெரியும். ஹாலில் அம்மா சொல்வது தெளிவாகக் கேட்கிறது.

“அவளுக்குச் சம்மதம்தான்.”

யாரும் பெரிதாகச் சத்தம் போடவில்லை. நாற்காலி நகர்கிறது. அப்பா இருமுகிறார். பெரியப்பா, வர்ற ஆவணியில வச்சுக்கலாமா, கோயில்லயே சின்னதா முடிச்சுடலாம் என்கிறார். அத்தை மூக்கைச் சிந்திக்கொண்டு அக்காவின் பெயரைச் சொல்லி ஏதோ சொல்கிறார், அவ அனுப்பிவச்ச மாதிரி என்கிறாரா, சரியாகக் கேட்கவில்லை. மாமாவின் குரலுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறேன். இல்லீங்க, கொஞ்சம் இருங்க என்று ஒரு வார்த்தை. ஒரு கனைப்பு. எதுவும் இல்லை. இப்போதும் ஒன்றும் கெட்டுவிடவில்லை, இரண்டடி எடுத்து வைத்துக் கதவைத் தள்ளினால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள், அம்மா தப்பாப் புரிஞ்சுக்கிட்டா என்று சொன்னால் முடிந்தது. ஒருமுறை சம்மதம் என்று வந்துவிட்டதை இல்லை என்று திருப்புவதற்கு, முதலில் இல்லை என்று சொல்வதைவிட எத்தனையோ மடங்கு பலம் வேண்டும், அந்த முதல் பலமே என்னிடம் இல்லை. இருந்திருந்தால் நேற்று அண்டாவுக்குப் பக்கத்திலேயே சொல்லியிருப்பேன். குழாயைத் திறந்து கையை நீட்டுகிறேன். தேய்க்கத் தேய்க்கப் பொடிப்பொடியாக உரிந்து சல்லடையில் போய் அடைக்கிறது, நகக்கண்ணில் இருப்பது போகவில்லை, கேசரிப் பவுடரின் மஞ்சள் தோலில் ஏறியிருக்கிறது. தாரிகா பக்கத்தில் வந்து நின்று தன் கைகளையும் குழாயில் நீட்டுகிறாள். அவள் விரல்களை ஒவ்வொன்றாகத் தேய்த்துவிடுகிறேன்.

“சித்தி, நாளைக்கு ஓசூர் போயிடுவியா?”

போய் ஒரு பெட்டி எடுத்துக்கொண்டு வர வேண்டியிருக்கும், வேலையை விடுவதற்கு எழுதிக்கொடுக்க வேண்டியிருக்கும், அந்தப் பெண்களிடம் சொல்ல வேண்டும். இல்லடா, சித்தி இனிமே இங்கதான் இருப்பேன் என்கிறேன். என் குரல் நன்றாகத்தான் இருக்கிறது, குழந்தையிடம் நல்ல செய்தி சொல்கிற குரல். அவள் சந்தோஷப்படுவாள் என்று பார்க்கிறேன், அந்த ஒன்றையாவது கண்ணால் பார்த்துவிடலாம் என்று அவள் முகத்தையே பார்க்கிறேன். அவள் குழாயை மூடுகிறாள். கையை என் சுடிதாரில் துடைத்துக்கொள்கிறாள். யோசிக்கிறாள்.

“வேணாம் சித்தி. நீ போ. போனாத்தானே திரும்பி வருவ. அம்மா இங்கயேதான இருந்துச்சு.”

சொல்லிவிட்டு, மேடையிலிருந்து ஒரு துண்டை எடுத்துக்கொண்டு தம்பியிடம் போகிறாள், இதைப் பந்து மாதிரி உருட்டுடா, நீளாட்டியும் பந்து வரும் என்று அவனுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். நான் ஈரக் கையோடு நிற்கிறேன். ஹாலிலிருந்து அத்தை கூப்பிடுகிறார், அம்மாடி சங்கவி என்று, நேற்று வரைக்கும் வெறும் சங்கவி. எல்லாருக்கும் ஒரு வாய் காப்பி போட்டுக் கொண்டாம்மா என்கிறார். இதோ அத்தை என்கிறேன். அந்தச் சொல் உடனே வருகிறது, எங்கும் தடுக்கவில்லை. பால் பாத்திரத்தை எடுத்து அடுப்பில் வைக்கிறேன். எத்தனை பேருக்கு என்று கேட்கவில்லை.